அப்பீல் போடணுமா? நகல் மனு போட்ட தேதியை முதல்ல சொல்லுங்க

போன மாசம் பாகப்பிரிவினை பத்தி எழுதினப்ப கடைசியில "தீர்ப்பு எதிரா வந்தா அப்பீல் இருக்கு, கவலைப்படாதீங்க"ன்னு ஒரு வரி போட்டுட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இம்புட்டு லெட்டர், இம்புட்டு வாட்ஸ்அப். எழுதின எல்லாரும் கேஸோட கதையை நாலு பக்கம் எழுதியிருக்கீங்க, தீர்ப்பு என்னைக்கு வந்துச்சு, நகலுக்கு என்னைக்கு மனு போட்டீங்கன்னு எழுதினவங்க ரெண்டே பேரு. ஆனா எனக்கு முதல்ல வேண்டியது அதுதான். சரி, இந்த மாசம் பூரா அப்பீல்தான்.

சோழவந்தான் வாசகி: வக்கீல் அய்யா, எங்க வயலுக்குப் போற வண்டிப்பாதை கேஸ் முன்சீப் கோர்ட்ல தள்ளுபடி ஆயிருச்சு. எங்க மாமா, அப்பீலுக்கு 3 மாசம் டைம் இருக்கு, அறுப்பு முடியட்டும் பாத்துக்கலாம்ங்கிறாரு. எங்க வக்கீல் உடனே வாங்கங்கிறாரு. யார் சொல்றது சரி?

வக்கீல் சொல்றதுதான் சரி தாயி. மாமா சொல்ற 90 நாள் ஹைகோர்ட்டுக்குப் போற சிவில் அப்பீலுக்கு. முன்சீப் கோர்ட் தீர்ப்பு மேல நீங்க போக வேண்டியது சப் கோர்ட்டுக்கு, அங்க 30 நாள்தான். எதை எத்தனை நாளைக்குள்ள போடணும்னு சொல்ற 1963-ம் வருஷ லிமிடேஷன் சட்டத்துல இந்த ரெண்டு கணக்கும் ஒரே இடத்துலதான் இருக்கு, அதான் டீக்கடையில பேசும்போது ஒண்ணுக்கு ஒண்ணு மாறிப்போகுது.

இப்ப நகல் விஷயத்தைக் கொஞ்சம் கவனமா படிங்க, ஏன்னா நிறைய அப்பீல் சாகுறது இங்கதான். தீர்ப்பு நகலுக்கு மனு போட்டா, அந்த நகலைத் தயார் பண்ண கோர்ட்டுக்கு ஆகுற நாளை 30 நாள்ல சேர்க்க மாட்டாங்க, கழிச்சுக்கலாம். எப்படிக் கழிக்கிறதுங்கிறதுக்கு வேற எங்கயும் போக வேண்டாம், கைக்கு வந்த நகலோட முத்திரையைப் பாருங்க. மனு போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, ஸ்டாம்ப் கட்டின தேதி, நகல் தயாரான தேதி, நகல் வாங்கின தேதின்னு வரிசையா பேனாவுல எழுதியிருப்பாங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் கடைசித் தேதியைப் பார்ப்பாங்க. அது தப்பு. தயாரான தேதி வரைக்கும்தான் கழிவு.

கணக்குப் போட்டே காட்டுறேன். ஜூன் 3 தீர்ப்பு. ஜூன் 10 நகலுக்கு மனு. ஜூன் 24 ஸ்டாம்ப் கேட்டாங்க, அன்னைக்கே கட்டியாச்சு. ஜூலை 8 நகல் தயார். நீங்க நாத்து நடவுல இருந்து மறந்துபோயி ஜூலை 15 போயி வாங்குறீங்க. 30 நாள் சாதாரணமா ஜூலை 3-ல முடியும், அதோட ஜூன் 10-லேருந்து ஜூலை 8 வரைக்கும் உள்ள 29 நாளைச் சேர்த்தா ஆகஸ்ட் 1. அம்புட்டுதான். ஜூலை 15 வரைக்கும் கழிவுன்னு நெனச்சு ஆகஸ்ட் 8-ந்தேதி போயி நின்னா 7 நாள் லேட்டு, அதுக்குத் தனியா ஒரு மனு, அதுக்கு எதிராளிக்கு ஒரு நோட்டீஸ், அதுல ஒரு வருஷம். ஸ்டாம்ப் கேட்டதுக்கு அப்புறம் கட்டாம இழுத்த நாளும் உங்க தலையிலதான் விழும், அதனால ஸ்டாம்ப் கேட்டு கோர்ட் நோட்டீஸ் போர்டுல ஒட்டுற லிஸ்டை யாராவது தினமும் பார்க்கணும், அதைப் பார்க்குறது வக்கீல் குமாஸ்தா, அவரைப் பகைச்சுக்காதீங்க.

30 நாள் மே மாச லீவுக்குள்ள முடிஞ்சுதுன்னா பயப்பட வேண்டாம், கோர்ட் தொறக்குற அன்னைக்குப் போட்டா போதும். தொறக்குற அன்னைக்கு, மறுநாள் இல்ல.

உசிலம்பட்டி வாசகர்: அப்பீல் போட்டு நம்பரும் ஆயிருச்சு சார். ஆனா எதிர்ப்பார்ட்டி தீர்ப்போட டிக்ரியை வெச்சு, அதை நிறைவேத்தச் சொல்லி எக்ஸிகியூஷன் மனு போட்டு, கோர்ட் ஊழியர் அமீனாவோட வந்து நிக்கிறான். அப்பீல் இருக்கும்போது இது எப்படி நியாயம்?

அப்பீல் போட்டாலே எல்லாம் அப்படியே நின்னுரும்னு யார் சொன்னா உங்களுக்கு? சிவில் நடைமுறைச் சட்டத்துல 41-வது ஆர்டர், 5-வது ரூல் தெளிவா சொல்லுது, அப்பீல் போட்டதால மட்டும் டிக்ரி நிக்காது. ஸ்டே மனு தனியா போட்டு, இப்ப நிறுத்தலைன்னா எனக்குப் பெரிய நஷ்டம், நான் தாமதம் பண்ணாம வந்திருக்கேன், தோத்தா டிக்ரிப்படி நடக்க செக்யூரிட்டி தர்றேன்னு மூணையும் கோர்ட்டுக்குக் காட்டணும். பண டிக்ரின்னா பணத்தைக் கட்டு இல்ல ஜாமீன் குடுன்னு சொல்லுவாங்க. நாளைக்கே உங்க வக்கீலைப் பாருங்க, வீட்டுக் கதவைப் பூட்டிட்டு ஊருக்குப் போறதெல்லாம் வேலைக்கு ஆகாது.

திருப்பரங்குன்றம் வாசகர்: கேஸ் தோத்த பிறகு பரண்ல பழைய டிரங்க் பெட்டியில தாத்தா காலத்து மூலப்பத்திரம் கெடச்சிருக்கு. அப்பீல்ல இதைக் குடுத்தா ஜெயிச்சுரலாமா?

குடுக்கலாம், ஆனா வாங்கிக்கணுமே! அப்பீல் கோர்ட்ல புது ஆவணம், புது சாட்சிங்கிறது விதிவிலக்கு. அதே 41-வது ஆர்டர், 27-வது ரூல்ல மூணு வாசல்தான். கீழ்க்கோர்ட் வாங்க வேண்டியதை வாங்காம மறுத்திருக்கணும். இல்லைன்னா, நீங்க எவ்வளவு முயற்சி பண்ணியும் அது அப்ப உங்களுக்குத் தெரியாம இருந்துச்சு, இல்ல கொண்டுவர முடியாம போச்சுன்னு நிரூபிக்கணும். அதுவும் இல்லைன்னா, இது இல்லாம தீர்ப்பு எழுத முடியலைன்னு அப்பீல் கோர்ட்டே நெனைக்கணும். உங்க வீட்டுப் பரண்லயே இருந்துச்சுன்னா, ஏன்யா கேஸ் நடந்த வருஷமெல்லாம் பரண்ல ஏறிப் பார்க்கலைன்னு கேப்பாங்க, அதுக்குப் பதில் இருந்தா மனு போடுங்க. ரிஜிஸ்டர் ஆன பத்திரம்னா கூடவே சார்பதிவாளர் ஆபீஸ்ல நகலும் எடுத்து வெச்சுக்கங்க.

மேலூர் வாசகர்: முன்சீப் கோர்ட்ல தோத்து, சப் கோர்ட்லயும் தோத்துட்டேன் அய்யா. அடுத்து ஒத்தக்கடை ஹைகோர்ட்டுக்குப் போகலாம்னா, வக்கீல் "சட்டக் கேள்வி இருக்கா"ன்னு கேக்குறாரு. எதிர்ப்பார்ட்டி சாட்சி அம்புட்டும் பொய்யி. இதை விடப் பெரிய கேள்வி என்ன வேணும்?

இந்தக் கேள்வியை நானே ஒரு காலத்துல கேட்டவன்தான், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

2004 ஜூலை 24-ந்தேதிதான் மதுரையில ஹைகோர்ட் கிளை தொறந்தாங்க. இப்ப நீங்க மாட்டுத்தாவணியில பஸ் ஏறி யானைமலையைப் பார்த்துக்கிட்டே கொஞ்ச நேரத்துல போயி இறங்கிடுறீங்க. அதுக்கு முன்னாடி நாங்க கேஸ் கட்டைத் தூக்கிக்கிட்டு ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ஏறி, காலையில எழும்பூர்ல இறங்கி, குளிச்சும் குளிக்காம ஓடணும். அப்படி ஓடின ஒரு நாள், சீனியருக்குக் காய்ச்சல், நீயே சொல்லிருடான்னுட்டாரு. செகண்ட் அப்பீல், அதை விசாரணைக்கு எடுக்கலாமா வேண்டாமான்னு பார்க்குற அட்மிஷன். நான் எந்திரிச்சு, வாதியோட தாத்தா 1930-கள்ல கிணறு வெட்டின கதையிலேருந்து ஆரம்பிச்சேன். தாத்தா முடிஞ்சு அப்பா வர்றதுக்குள்ள ஜட்ஜ் கையைக் காட்டி நிறுத்துனாரு. கீழ்க்கோர்ட் எங்க தப்பு பண்ணிச்சு, எந்தப் பக்கம், எந்தப் பாரான்னாரு. கட்டைப் பொரட்டுறேன் பொரட்டுறேன், கை நடுங்குது, பக்கமே சிக்கலை. ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது, தள்ளுபடி. அன்னைக்கு ராத்திரி ரயில்ல வர்ற வழியில அந்தப் பக்கத்தைக் கண்டுபுடிச்சேன், 14-வது பக்கம், கடைசிப் பாரா. கிணத்துக்கு ஆதாரமா நாங்க குடுத்திருந்த, கோர்ட் அனுப்பின ஆளு இடத்தைப் பார்த்து எழுதின கமிஷனர் ரிப்போர்ட்டைப் பத்தி சப் கோர்ட் ஒரு வார்த்தை பேசலை. அதைத்தான் முதல் வாக்கியமா சொல்லியிருக்கணும்.

உங்க விஷயத்துக்கு வர்றேன். சாட்சி பொய்யா மெய்யாங்கிறது சங்கதி, அதாவது என்ன நடந்துச்சுங்கிற கேள்வி. அதை முடிவு பண்ண முன்சீப் கோர்ட்டும் சப் கோர்ட்டும் இருக்கு, முதல் அப்பீல்ல சங்கதி, சட்டம் ரெண்டையும் திரும்ப அலசலாம். ரெண்டு கோர்ட்டும் ஒண்ணையே சொல்லிருச்சுன்னா ஹைகோர்ட் அதுக்குள்ள சாதாரணமா போகாது. சிவில் நடைமுறைச் சட்டம் 100-வது பிரிவுப்படி, முக்கியமான சட்டக் கேள்வி ஒண்ணு இருந்தாத்தான் செகண்ட் அப்பீலையே எடுப்பாங்க, அந்தக் கேள்வி என்னன்னு உங்க மனுவிலயே எழுதணும், ஜட்ஜ் சரின்னு பட்டா அதை வடிவமைச்சு அட்மிட் பண்ணுவாரு. உதாரணத்துக்கு, ரிஜிஸ்டர் பண்ணாத பாகப்பத்திரத்தை வெச்சே சொத்து அவனுக்குத்தான்னு தீர்ப்பு எழுதியிருந்தா, அது சட்டக் கேள்வி. முக்கியமான ஆவணம் கட்டுல இருந்தும் அதைத் திரும்பியே பார்க்காம தீர்ப்பு சொல்லியிருந்தாலும் ஆகும். "மாடசாமி பொய் சொல்லிட்டான்"ங்கிறது ஆகாது, அவன் எத்தனை பொய் சொல்லியிருந்தாலும்.

பண வசூல் கேஸா இருந்து தொகை 25,000 ரூபாய்க்குள்ளன்னா செகண்ட் அப்பீலே கிடையாது, அதையும் பார்த்துக்கங்க.

காரணங்கள் எழுதுறதைப் பத்தியும் இங்கயே சொல்லிடுறேன். 41-வது ஆர்டர் 1-வது ரூல் என்ன சொல்லுதுன்னா, சுருக்கமா, தனித்தனி தலைப்புல, வரிசை எண் போட்டு எழுது, வாதம் வேண்டாம், கதை வேண்டாம். நம்ம பக்கம் அப்பீல் மனுவை எடுத்துப் பாருங்க, முதல் காரணம் "கீழ்க்கோர்ட் தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்துக்கும் நிகழ்தகவுக்கும் எதிரானது". இது எல்லா மனுவுலயும் இருக்கும், எங்க சீனியரோட சீனியர் எழுதினது, அப்படியே கட் அண்ட் பேஸ்ட். இதைப் படிச்சு ஒரு ஜட்ஜும் மனசு மாறினதில்ல. ஆனா மனுவுல எழுதாத காரணத்தைப் பின்னாடி வாதத்துல எடுக்க கோர்ட் அனுமதி வேணும், அதனால முக்கியமானதை விட்டுறவும் கூடாது. 32 காரணம் எழுதி நல்ல காரணத்தை 27-வதா ஒளிச்சு வெக்கிறதுக்கு, நாலு எழுதி நல்லதை முதல்ல வெக்கலாம்.

இன்னொண்ணு, ஹைகோர்ட்ல தமிழ் ஆவணங்களை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து, டைப் அடிச்சு ஒரே கட்டா "டைப்டு செட்"டுன்னு போடணும். அந்த மொழிபெயர்ப்பை ஒரு தடவை நீங்களே உக்காந்து பாருங்க. "நஞ்சை"யைப் புஞ்சையாக்கி, "கீழ்புறம்"ங்கிறதை மேற்குன்னு போட்டு வந்ததை எல்லாம் நான் பார்த்திருக்கேன்.

கே.கே.நகர் வாசகி: எங்க மக அமெரிக்காவுல லா படிக்கிறா. அங்க அப்பீல்ல எல்லாத்தையும் எழுதியே குடுத்துடணுமாம், வார்த்தைக்குக் கூட கணக்காம். நிஜமா?

நிஜந்தாம்மா. அங்க "ப்ரீஃப்"னு பேரு. பெடரல் அப்பீல் கோர்ட்டுகள்ல முதல் ப்ரீஃப் 30 பக்கத்துக்குள்ள, இல்லைன்னா 13,000 வார்த்தைக்குள்ள இருக்கணும், பதில் ப்ரீஃபுக்கு அதுல பாதி. வார்த்தையை எண்ணிட்டேன், இம்புட்டு இருக்குன்னு வக்கீல் சான்று வேற குடுக்கணும். அட்டைக்குக் கூட கலர் இருக்கு, அப்பீல் போட்டவர் நீலம், எதிர்த்தரப்பு சிவப்பு, பதிலுக்குச் சாம்பல், கேஸ்ல பார்ட்டியா இல்லாம கருத்து சொல்ல வர்றவங்களுக்குப் பச்சை. மூணு ஜட்ஜும் பேச்சு வாதம் தேவையில்லைன்னு ஒத்துக்கிட்டா எழுத்தை மட்டும் வெச்சே தீர்ப்பு. அவங்க சுப்ரீம் கோர்ட்ல பெரும்பாலும் ஒரு தரப்புக்கு அரை மணி நேரம், வக்கீல் நிக்கிற மேடையிலயே பல்பு இருக்கு, வெள்ளை எரிஞ்சா 5 நிமிஷம் பாக்கி, சிவப்பு எரிஞ்சா முடிஞ்சுது.

நம்ம ஊர்ல பல்பு இல்ல, ஜட்ஜோட முகம்தான் பல்பு. நம்ம பக்கம் பேச்சுக்குத்தான் மவுசு, எழுதிக் குடுக்குறதைக் கடைசியில வேண்டா வெறுப்பா செய்வோம். எனக்கென்னமோ அவங்க முறையில ஒரு நல்லது இருக்குன்னு தோணுது, எழுத உக்காந்தாத்தான் நம்ம கேஸ்ல எங்க ஓட்டை இருக்குன்னு நமக்கே தெரியும். மகளுக்கு என் வாழ்த்துகள்.

பேரையூர் வாசகர்: அப்பீல் போட 400 நாள் தாமதமாயிருச்சு. கதவு அடைச்ச மாதிரிதானா?

இல்ல தம்பி, நாளோட எண்ணிக்கையை விடக் காரணம்தான் முக்கியம். நம்ம தமிழ்நாட்டுலேருந்தே போன பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி கேஸ்ல 1998-ல சுப்ரீம் கோர்ட் 883 நாள் தாமதத்தையே மன்னிச்சிருக்கு, வக்கீல் கவனிக்காம விட்டதுன்னு கட்சிக்காரர் சொன்னதை ஏத்துக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி 1987-ல காத்திஜி கேஸ்ல, ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் குடுங்கிறதை ரொம்பப் பிடிவாதமா பார்க்கக்கூடாதுன்னாங்க. ஆனா இதைச் சொல்லிக் காட்டிட்டு, 5 நாள் தாமதம் கூட பொய்க் காரணம் சொன்னதால மன்னிக்கப்படாம போனதை நான் கண்ணால பார்த்திருக்கேன். "எனக்கு மஞ்சள் காமாலை, நாட்டு வைத்தியம் பார்த்தேன், அதனால டாக்டர் சீட்டு இல்லை"ங்கிற அஃபிடவிட்டைப் படிச்சுப் படிச்சு ஜட்ஜுங்களுக்கே காமாலை வந்துரும். நடந்ததை நடந்தபடி எழுதுங்க. தாமத மன்னிப்பு மனுவை அப்பீலோட சேர்த்தே போடணும், அது முடியுற வரைக்கும் ஸ்டே கெடைக்காதுங்கிறதையும் மனசுல வெச்சுக்கங்க.

அப்பீல் போட்டதோட தாமதம் நின்னுரும்னும் நெனைக்காதீங்க. குறை இருந்தா பேப்பரை ரிட்டர்ன் பண்ணுவாங்க, இத்தனை நாளைக்குள்ள சரி பண்ணிக் குடுன்னு தேதி போட்டு. அந்தக் கட்டு ஒரு வக்கீல் ஆபீஸ் பீரோவுக்கு மேல ஒரு வருஷம் தூங்கும். எங்க ஆபீஸ்லயே ஒண்ணு தூங்கியிருக்கு, ரிட்டர்ன் ஆன கட்டுன்னு தெரியாம அதுக்கு மேல சாமி காலண்டரை அடுக்கி வெச்சிருந்தோம். கட்சிக்காரரே வந்து "நம்பர் என்னாச்சு சார்"னு மூணு தடவை கேட்டதாலதான் தட்டுப்பட்டுச்சு. நீங்களும் கேளுங்க. எஸ்.ஆர். நம்பர் வந்துச்சுன்னா பேப்பர் உள்ள போயிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், அப்பீல் நம்பர் ஆகிருச்சான்னு கேளுங்க.

திருமங்கலம் வாசகர்: செக் கேஸ்ல எனக்கு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல தண்டனை ஆயிருச்சு. அப்பீல் போட்டா பணம் கட்டணுமா?

செஷன்ஸ் கோர்ட்ல 30 நாளுக்குள்ள அப்பீல் போடணும், கூடவே தண்டனையை நிறுத்தி வைக்கச் சொல்லி மனு. செக் சட்டத்துல 2018-ல கொண்டுவந்த 148-வது பிரிவுப்படி, அப்பீல் கோர்ட் அபராதம் இல்ல நஷ்டஈட்டுல குறைஞ்சது 20 சதவீதம் கட்டச் சொல்லலாம், 60 நாள் அவகாசம், தகுந்த காரணம் இருந்தா இன்னொரு 30 நாள். பணத்தைப் புரட்ட இப்பவே ஆரம்பிச்சுருங்க.

அலங்காநல்லூர் வாசகி: அப்பீல் நடக்கும்போதே எங்க அப்பா தவறிட்டாரு. கேஸ் தானா எங்க பேருக்கு வந்துருமா?

வராது தாயி. 90 நாளைக்குள்ள வாரிசுகளைச் சேர்க்க மனு போடணும், இல்லைன்னா அப்பீல் அற்றுப்போகும். அற்றுப்போனா அதை நீக்கக் கேக்க இன்னும் 60 நாள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ரெண்டையும் சீக்கிரம் வாங்குங்க. பெண்கள்ங்கிறதால வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, 15100-க்கு போன் போடலாம், மதுரை கிளையிலயும் சட்டப்பணிக் குழு இருக்கு.

வாடிப்பட்டி வாசகர்: நாங்க ஜெயிச்சுட்டோம் சார்! எதிராளி அப்பீல் போகப்போறதா ஊர்ல பேச்சு. நாங்க என்ன பண்ணணும்?

முதல்ல வாழ்த்துகள். அப்புறம் கேவியட் போடுங்க, உங்களுக்குத் தெரியாம அவன் ஒருதலையா ஸ்டே வாங்கிட்டுப் போகாம இருக்க. அது 90 நாளைக்குத்தான் உயிரோட இருக்கும், முடிஞ்சா புதுசா போடணும். சப் கோர்ட், ஹைகோர்ட்னு அவன் எங்க போகப்போறான்னு பார்த்து அந்தக் கோர்ட்லதான் போடணும், ஒரு கட்சிக்காரர் ஜெயிச்ச கோர்ட்லயே கேவியட் போட்டுட்டு நிம்மதியா திருவிழா பார்க்கப் போயிட்டாரு. தீர்ப்புல உங்களுக்குப் பாதி கெடச்சு பாதி மறுத்திருந்தா, அவனோட அப்பீல் நோட்டீஸ் உங்களுக்குக் கெடச்ச நாள்லேருந்து ஒரு மாசத்துக்குள்ள அந்த மறுத்த பாதிக்கு நீங்க குறுக்கு ஆட்சேபனை போடலாம், தனியா அப்பீல் போடாம விட்டிருந்தாலும் சரி. போஸ்ட்மேன் கவரைக் குடுக்கும்போது கையெழுத்துப் போடுறீங்கல்ல, அந்தத் தேதியைக் கவர் மேலயே எழுதி வெச்சுருங்க.